துருவேறிய சேசிஸ் தகட்டுக்குப் பதிலாகப் புதிய பிரதித் தகடு பொருத்தலாமா?

குளச்சல்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் கொப்பரை வியாபாரம் செய்த காலத்தில் வாங்கிய 1968ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 ஒன்று, 1994 முதல் குளச்சலில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நிற்கிறது. கே.எல்.டி. எண் கொண்ட வண்டி. கேரளத்தில் பதிவான ஆர்.சி. புத்தகம் என் அப்பா பெயரில் பத்திரமாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவுக்கு அதை நாங்கள் மாற்றவே இல்லை. இப்போது அதைச் சீரமைத்து, 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கான விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

சிக்கல் பானெட்டுக்குள் இருக்கிறது. ஃபயர்வாலில் (என்ஜின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள உலோகச் சுவரில்) ரிவெட் அடித்திருந்த அடையாளத் தகடு, கடலில் இருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் முப்பது ஆண்டு உப்புக் காற்றைக் குடித்ததில், தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. தகட்டின் இடப்புறத்தில் நிறுவனப் பெயரின் சில எழுத்துகளும், எண்ணின் முதல் நான்கு இலக்கங்களும் மட்டுமே தெரிகின்றன. வண்டியின் உடலில் நேரடியாகப் பஞ்ச் அடிக்கப்பட்ட சேசிஸ் எண் தனியாக இருக்கிறது. அதிலும் கடைசி இரண்டு இலக்கங்களைத் துரு தின்றுவிட்டது. மற்றவை ஆர்.சி. புத்தகத்தோடு சரியாகப் பொருந்துகின்றன. என்ஜின் எண் முழுமையாகத் தெரிகிறது.

இணையத்தில் ஒருவர் பழைய அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களுக்குப் பிரதித் தகடுகள் செய்து விற்கிறார். அவரிடம் விசாரித்தபோது, எந்த எண்ணைச் சொன்னாலும் அதே எண்ணைப் பொறித்து, பழைய பாணி ரிவெட்டுகளோடு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். ஆர்.சி.யின் நகலைக்கூட அவர் கேட்கவில்லை. அந்த எளிமைதான் என்னைத் தயங்க வைத்தது. என் வண்டியின் எண்ணையே என் வண்டியில் பொருத்துவதில் என்ன தவறு இருக்க முடியும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எண்ணை யார் சொன்னாலும் அடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் வாங்கிய தகட்டை, தாத்தாவின் வண்டியில் தொழிற்சாலைத் தகடு இருந்த இடத்தில் வைத்தால் அது பொய்யாகிவிடாதா என்று மறுபக்கம் உறுத்துகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், சட்டம் ஒன்றும் சொல்லாத இடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், நாகர்கோவில்:

தம்பி, நான் மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. பொருத்திவிட்டு வந்து கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஃபயர்வாலில் இருக்கும் தகடும், உலோகத்தில் அடிக்கப்பட்ட எண்ணும் ஒன்றல்ல. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட், அதாவது எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி, எடுப்பது உலோகத்தில் அடித்த எண்ணில் இருந்துதான். பதிவுக்கான படிவம் 20இல் அந்தப் பிரதியை ஒட்டுவதற்கென்றே இடம் உண்டு. தகட்டை நான்கு ரிவெட்டைப் பிடுங்கினால் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிவிடலாம் என்பதால், ஆய்வாளர் அதைத் துணைச் சான்றாகப் பார்ப்பாரே தவிர, அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் விஷயத்துக்கு அதைவிட நெருக்கமானது 55ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு: வண்டியில் பொறிக்கப்பட்ட என்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ள எண்ணில் இருந்து வேறுபட்டிருப்பதாகப் பதிவு அதிகாரி உறுதி கொண்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, பதிவையே ரத்து செய்ய முடியும். ஆர்.சி.யில் உள்ள அதே எண்ணைத் தாங்கிய பிரதித் தகடு இந்தப் பிரிவுக்குள் நேரடியாக வராது. ஆனால் அந்தத் தகட்டைத் தொழிற்சாலைத் தகடு என்று காட்டி ஒருவருக்கு விற்றால், விஷயம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் தாண்டி, ஏமாற்றுதலைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவுக்குப் போய்விடும். வேறொரு வண்டியின் எண்ணைப் பொறித்து மாட்டினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு உண்மையான ஆபத்து தகட்டில் இல்லை. உடலில் அடித்த எண்ணில் துரு தின்ற அந்த இரண்டு இலக்கங்களில் இருக்கிறது. தகட்டைப் புதிதாகப் பொருத்திய கையோடு, டிங்கரிங் வேலை செய்பவர் நல்லெண்ணத்தில், "இதையும் கொஞ்சம் தெளிவாக அடித்துவிடட்டுமா?" என்று கேட்பார். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவு அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உலோகத்தில் விழும் ஒவ்வொரு பஞ்சும் திருத்தம் என்றே கருதப்படும். அது சரியான இலக்கமாகவே இருந்தாலும் உங்கள் நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிடும். துருவை உப்புத்தாளால் ஓங்கித் தேய்க்கவும் வேண்டாம். எண் அடிக்கும்போது விழும் அழுத்தம் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு நிற்பதில்லை. அதற்குக் கீழே உலோகத்தின் அமைப்பையே இறுக்கிவிடுகிறது. அதனால்தான் அரத்தால் அழித்த எண்ணைக்கூடத் தடய அறிவியல் நிபுணர்கள் அமிலக் கரைசல் தடவி மீட்டெடுக்கிறார்கள். நீங்கள் தேய்க்கத் தேய்க்க, அந்த இறுகிய அடுக்கையும் சேர்த்துத் தேய்த்துவிடுவீர்கள்.

என் யோசனை இது. எதையும் தொடுவதற்கு முன் தகடு, அடித்த எண், என்ஜின் எண் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். கேரள அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க எப்படியும் எழுத வேண்டும்; அந்தக் கடிதத்திலேயே பழைய பதிவேட்டில் உள்ள சேசிஸ் எண்ணுக்குச் சான்றிட்ட நகலையும் கேளுங்கள். அது கிடைத்த பிறகு, குளச்சல் எந்த அலுவலக எல்லைக்குள் வருகிறதோ அங்கே, இரண்டு இலக்கங்கள் அரிக்கப்பட்டிருப்பதை நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். அதிகாரி கண்டுபிடிப்பதும் நீங்கள் சொல்லித் தெரிவதும் ஒன்றாகாது.

விண்டேஜ் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் "வி.ஏ." வரிசை எண். வண்டி அதன் மூல வடிவில் பேணப்பட்டு, பெரிய மாற்றங்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மூல வடிவம் என்று சொல்லிக்கொண்டு, புதிதாகச் செய்த அடையாளத் தகட்டைச் சொல்லாமல் மாட்டுவது அந்த நிபந்தனையோடு எப்படி ஒத்துப்போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் டிங்கர்:

ஐயா சொன்ன சட்டத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பட்டறைக்காரன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

உங்கள் தகடு பொடிந்ததற்கு உப்புக் காற்று மட்டும் காரணம் அல்ல. அலுமினியத் தகட்டை எஃகுச் சுவரில் அடித்து, நடுவே உப்பு ஈரம் தங்கினால், இரண்டு உலோகங்களுக்கு நடுவே பேட்டரியில் நடப்பது போன்ற ஒரு வினை நடக்கிறது. அதில் அலுமினியம்தான் கரையும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் இருந்து வரும் வண்டிகளில் இதைத்தான் பார்க்கிறேன். குலசேகரம், திற்பரப்பு பக்கத்து வண்டிகளில் அதே வயதுள்ள தகடு கண்ணாடி போல இருக்கும். ஆகவே எதை மாட்டினாலும் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் தாளோ நல்ல பிரைமரோ இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லாப் பிரதித் தகட்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ரேடியேட்டர் மூடி எச்சரிக்கை, எண்ணெய் அளவு, பேட்டரி முனை குறிப்பு, டயர் காற்றழுத்த அட்டவணை போன்றவற்றை நான் தயங்காமல் செய்துகொடுப்பேன். அவை வண்டியின் ஆடை. எண் பொறித்த தகடு அப்படியல்ல. அது வண்டியின் சாட்சி. எண் பொறிக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுச் செய்து கொடுப்பேனே தவிர, என் பட்டறையில் எண் அடிக்கும் பஞ்ச் செட்டை எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு விதி ஏன் வந்தது என்றால், சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டம் போன ஒரு பியட்டின் ஆர்.சி. புத்தகம், தகடு, சேசிஸ் எண் இருந்த உலோகத் துண்டு மூன்றையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்தார். பழைய இரும்புக்குப் போட்ட வண்டியில் இருந்து வெட்டியது. அந்தத் துண்டை இன்னொரு பியட்டில் வைத்து வெல்டு அடித்து, மேலே பெயிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். இன்னொரு பியட் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதே பையில் இணையத்தில் வாங்கிய பளபளப்பான பிரதித் தகடு ஒன்றும் இருந்தது. அது செய்தவருக்கு இந்த வேலை தெரிந்திருக்காது. ஆனால் எண் யாருடையது என்று கேட்காமல் அடித்துக் கொடுத்த அந்த நேரத்திலேயே அவர் இதில் பங்காளியாகிவிட்டார் என்பது என் எண்ணம். வண்டி அழிந்தால் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்ட பைகள் உருவாகக் கூடாது என்பதற்காகத்தான்.

உங்கள் வண்டிக்கு, ஐயா சொன்ன கடிதங்கள் முடிந்த பிறகு, பிரதித் தகடு ஒன்றை மாட்டி, அதன் பின்புறத்தில் "பிரதி" என்றும் செய்த ஆண்டையும் பொறித்து வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கீரிப்பாறை ஜீப்:

அண்ணாச்சி, பின்புறத்தில் பொறிப்பது யாருக்காக? ரிவெட்டைப் பிடுங்கினால்தானே தெரியும்? வாங்க வருபவன் ரிவெட்டைப் பிடுங்கிப் பார்ப்பானா? நான் பார்க்கவில்லை, அதற்கு நல்ல விலை கொடுத்தேன்.

ரப்பர் தோட்டச் சாலைகளில் ஓட்டி வளர்ந்தவன் என்பதால் ஜீப் என்றால் எனக்குக் கண் தெரியாது. உலகப்போர்க் காலத்து வில்லிஸ் என்று சொல்லி ஒருவர் காட்டிய ஜீப்பின் டேஷ்போர்டில் மூன்று பித்தளை நிறத் தகடுகள் இருந்தன. அந்த வகை ஜீப்பில் உண்மையாகவே மூன்று தகடுகள் உண்டு: ஒன்று கியர் போடும் முறை, ஒன்று ராணுவக் கையேடுகளின் எண்கள், மூன்றாவதில் வாகனத்தின் பெயர், எடை, வரிசை எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி. தேதி 1944 என்றிருந்தது. அதைப் படித்தவுடன் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. முன்புறக் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருந்தன. போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது, பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புக்கு ஏழு என்ற அரைகுறை அறிவு என்னிடம் இருந்ததால், உறுதி செய்துகொண்டதாக நினைத்துவிட்டேன்.

வாங்கிய இரண்டாம் மாதம், விவரம் தெரிந்த ஒருவர் கீழே படுத்து சேசிஸைப் பார்த்தார். வில்லிஸ் எம்.பி. என்றால் சேசிஸின் இடப்பக்கச் சட்டகத்தின் உட்புறத்தில் சிறிய எண் தகடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்க வேண்டும், அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. என்றால் அதே சட்டகத்தின் மேல்புறத்தில் எண் நேரடியாக அடிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆர்.சி.யில் இருந்த எண் வேறொரு இடத்தில் சரியாக இருந்தது; அது பிற்காலத்துச் சிவிலியன் ஜீப்பின் எண். கிரில்லும் உடலும் புதிதாகச் செய்தவை. டேஷ்போர்டில் இருந்த தகடுகள் வெளிநாட்டில் பொம்மை போல விற்கப்படும் பிரதிகள். விற்றவர் சட்டப்படி எதையும் மறைக்கவில்லை என்றே வாதிட்டார். ஆர்.சி. சரி, சேசிஸ் எண் சரி, தகடுகள் அலங்காரம் என்றார். அந்த அலங்காரத்தில் 1944 என்று தேதியைப் பொறித்தது யார் என்று கேட்டதற்கு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை. முதலில் மாட்டியவன் ஆசைக்காக மாட்டியிருப்பான். மூன்றாவது கைக்குப் போகும்போது ஆசை ஆவணமாகிவிட்டது.

ஆகவே பிரதி என்று பொறிப்பதானால் முன்புறத்தில், வெறும் கண்ணால் படிக்கும்படி பொறியுங்கள். அழகு கெடும் என்றால் தகடே வேண்டாம்.

நாகர்கோவில்–டெட்ராய்ட்:

சொந்த ஊர் வடசேரி; இங்கே மிச்சிகனில் கார்த் தொழிலில் இருக்கிறேன். அமெரிக்காவில் பிரதித் தகடு பெரிய வியாபாரம் என்பதால், இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே அடையாள எண்ணை அறிந்தே அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழுதுபார்க்கும்போது கழற்றுவது தவிர்க்க முடியாததாக இருந்தால் விலக்கு உண்டு. மாநிலச் சட்டத்தின்படி எண்ணை மீண்டும் பொருத்துபவருக்கும் விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் கடுமையாக இருந்தால்? கான்சாஸ் மாநிலத்தில் ஒருவர் வேறு மாநிலத்தில் இருந்து 1959 கார்வெட் ஒன்றை நல்லெண்ணத்தோடு வாங்கிப் பதிவுக்குக் கொண்டுபோனார். முந்தைய சீரமைப்பின்போது யாரோ எண் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்தியிருந்தது தெரிந்ததும், போலீசார் 2017இல் காரைக் கைப்பற்றினார்கள். எண் அந்தக் காருடையதுதான்; ஆனாலும் அன்றைய சட்டப்படி கார் அழிக்கப்பட வேண்டியதாக இருந்தது. பல ஆண்டு வழக்குக்குப் பின், 2022இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தியது. ஆகவே தம்பி, பொடியாகிப்போன அந்தப் பழைய தகட்டை அனுமதி கிடைக்கும் வரை கழற்றாமல் இருந்த இடத்திலேயே விடுங்கள்.

இன்னொரு வகை மோசடிக்கு எண்ணே தேவையில்லை. செவர்லே கமாரோவின் ஃபயர்வாலில் பெயிண்ட், உள்ளலங்காரம் முதலியவற்றின் குறியீடுகள் கொண்ட தனித் தகடு உண்டு. 1969 மாடலில், நார்வுட் ஆலையில் செய்த கார்களில், அதில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருந்தால் அது பந்தயத்துக்குப் பேர்போன இசட்/28 வகை. சாதாரணக் கமாரோவுக்கு அந்தக் குறியீட்டோடு பிரதித் தகடு செய்து மாட்டினால் விலை பல மடங்காகிறது. சேசிஸ் எண்ணை யாரும் தொடவில்லை. மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன ஆடை, சாட்சி என்ற பிரிவு நல்ல பிரிவுதான், ஆனால் இங்கே ஆடையே பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறது. எண் இல்லாத தகட்டையும் அவர் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

மார்த்தாண்டம் டிங்கர்:

ஜீப் தம்பி சொன்னது சரி. பின்புறத்தில் பொறிப்பது வாங்குபவனுக்கு அல்ல, என் மனசாட்சிக்கு மட்டும் உதவும் வேலை. இனி முன்புறத்தில்தான். டெட்ராய்ட்காரர் சொன்ன கமாரோக் கணக்கு நம் ஊர்க் கார்களுக்கு இன்னும் வரவில்லை என்றாலும், பழைய அம்பாசடர் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தால் மார்க் 2 தகட்டை மார்க் 3இல் மாட்டச் சொல்லி யாராவது வருவார்கள்.

குளச்சல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இணைய விற்பனையாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேரள அலுவலகத்துக்குத் தடையில்லாச் சான்றோடு பதிவேட்டு நகலும் கேட்டுக் கடிதம் தயார் செய்துவிட்டேன். அடுத்த வாரம் களியக்காவிளை வழியாக நேரில் போய்க் கொடுக்கப் போகிறேன். பழைய தகடு இப்போதைக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். அது மேலும் உதிராமல் தடுக்க வார்னிஷ் போன்ற எதையாவது பூசலாமா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி. பிரதித் தகடு வேண்டுமா என்பதை அப்பாவிடம் கேட்டேன். "அங்கே தகடு இருந்ததா?" என்று திருப்பிக் கேட்டார். பல ஆண்டு அந்த வண்டியை ஓட்டியவர்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், நாகர்கோவில்:

வார்னிஷ் வேண்டாம் தம்பி. ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை அதன்மேல் எதுவும் பூசாதீர்கள்; பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற சந்தேகத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். காற்றுப் படாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுநாடா தகட்டில் படாதபடி கட்டி வையுங்கள். பென்சில் பிரிண்ட் எடுக்கும் அன்று கொட்டகையில் நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு முன் கடல் ஈரம் உலோகத்தில் படிந்திருக்கும், தாள் வழுக்கும். பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.